பதினோரு மணி முகூர்த்தம்

அத்தியாயம் 14

“நாளைக்குப் பதினோரு மணி” என்று ராசாங்கம் சொல்லிவிட்டுப் போனதும், “பார்க்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லோடு அவன் அண்ணி அம்சவள்ளி எழுந்து அடுக்களைக்குள் சென்றதும் போன வாரத்து அத்தியாயத்துச் செய்தி. அந்த நாளை விடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, விஜயதசமி.

அம்சவள்ளி எழுந்தபோது மாமனார் மாயவன் ஆலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அரியலூரில் அன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. சிமெண்ட் சூளைக்கு இல்லை. ஆண்டு முழுவதும் எரிகிற நெருப்புக்கு ஆயுத பூஜை உண்டு, ஓய்வு கிடையாது.

கூடத்து மணைப்பலகையில் முந்தைய நாள் மாலைப் பூஜை அப்படியே இருந்தது. அரிவாள்மணை, மாயவனின் சைக்கிள் பம்பு, ஒரு முழம் அளவுகோல், அம்சவள்ளியின் ஃப்ளாப்பி இருந்த பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம். மாயவன் நெருப்பைப் பார்க்கும் நீலக் கண்ணாடி மட்டும் இடத்தில் இல்லை. அதை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திப்பவர்களுக்கு ஒரு வரி போதாது. சிறிது பொறுக்க வேண்டும்.

மாயவன் முப்பது ஆண்டுகளாகச் சூளைக்காரர். நீலக் கண்ணாடி வழியே சுடரின் நிறத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் சூட்டைச் சொல்லிவிடுவார். ஆனால் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் தவறான பங்கில் கலந்து அனுப்பினால் எந்தக் கண்ணும் உதவாது. சென்ற ஆண்டு அப்படித்தான் சூளைக்குள் பாகு இறுகி வளையமாகக் கட்டிக்கொண்டது. ஒன்பது நாள் ஆலை நின்றது. வளையத்தை உடைக்கப் போன இடத்தில் மாயவனின் இடக்கை முழங்கை வரை வெந்தது.

மூத்த மருமகள் அம்சவள்ளி அதே ஆலையின் பரிசோதனைச் சாலையில் வேலை பார்க்கிறாள், பி.எஸ்ஸி. வேதியியல். கணவன் பூமாலைக்கு நெய்வேலியில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். மாமனாரின் கையில் கட்டு அவிழ்ந்த அன்று அவள் ஒரு காரியத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு நாளும் வந்த கல்லின் சோதனை முடிவுகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைய கல்லுக்கு எத்தனை பங்கு களிமண் என்று சொல்லும் ஓர் அட்டவணையை அமைத்தாள். பதினான்கு மாத உழைப்பு. அதற்குப் பிறகு வளையம் கட்டவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை விற்றவன் கொழுந்தன் ராசாங்கம். பெரம்பலூரில் அவன் திறந்திருக்கும் கடை இதுவரை விற்ற கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

அவன் ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியைச் சுற்றிச் சாமந்திச் சரம்.

“அண்ணி, குளிச்சாச்சா? அஞ்சு ஃப்ளாப்பி. மெட்ராஸ்லேர்ந்து முந்தாநாள்தான் வந்துச்சு. புத்தம் புது ஆபரேட்டிங் சிஸ்டம். திருச்சியில கம்ப்யூட்டர் விக்கறவனே இன்னும் பிரிச்சிருக்க மாட்டான்.”

“வா சாமி, இட்லி வெந்துடுச்சு” என்றாள் தாய் பொன்னாயி.

“பத்தரைக்கு எமகண்டம் முடியுதும்மா. குரும்பலூர் ஜோசியர் பதினோரு மணின்னு குறிச்சுக் குடுத்துட்டார். பன்னெண்டுக்குள்ள போட்டு முடிச்சிடலாம்.”

“கம்ப்யூட்டருக்குமா ஜோசியம் பாத்தீங்க தம்பி?” என்றாள் அம்சவள்ளி.

“கல்யாணத்துக்கே பாக்கறோம் அண்ணி. இதுல அதைவிடச் சிக்கல் ஜாஸ்தி.”

பொன்னாயி சிரித்தாள். அம்சவள்ளிக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள்.

“புதுசு போடணும்னா பழசை என்ன செய்வீங்க?”

“தொடைக்கணும். ஹார்ட் டிஸ்க்கை முழுசாத் தொடைச்சுட்டு, பழைய அறைத் தடுப்பையும் எடுத்துட்டு ஏத்தணும். அதுல உங்களுக்கு லாபம் அண்ணி, முழு எடமும் ஒரே வூடா ஆயிடும்.”

“என் அட்டவணை அதுலதானே இருக்கு?”

“அதான் காப்பி வெச்சிருக்கீங்களே. அந்தா, பூஜையில இருக்கு. தொடைச்சிட்டுத் திரும்பக் கொட்டிக்கலாம்.”

“கொட்டின பிறகு புது சிஸ்டத்துல அது ஓடுமா?”

“ஓடாம எங்க போவும்?”

“நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?”

ராசாங்கம் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தான். பதில் சொல்லாமலிருக்க இட்லி நல்ல துணை.

பொன்னாயி மருமகளின் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா அம்சா, நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி டைரக்டர் வராராம். புதுசைப் பாத்தார்னா அவங்களோட மத்த ஆறு ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் குடுக்கற வேலை இவனுக்குத்தானாம். பெரியவனுக்கு நெய்வேலி இருக்கு. ஒனக்கு ஆலை இருக்கு. இவனுக்கு அந்தக் கடையை விட்டா என்ன இருக்கு? ஒரு கையெழுத்துத்தானே கேக்கறான்?”

அந்தக் கையெழுத்துத்தான் இப்போது எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றது. கம்ப்யூட்டருக்கு அம்சவள்ளியே பொறுப்பு என்று ஆலை மேலாளர் பெரியசாமி எழுத்தில் கொடுத்திருந்தார். அவள் ஒப்பாமல் அதில் எவரும் எதையும் ஏற்றவோ அழிக்கவோ கூடாது. பெரியசாமி அந்த உத்தரவை எழுதியது அவள்மேல் கொண்ட மதிப்பாலா, தவறு நேர்ந்தால் தம் பெயர் வராதிருக்கவா என்பது இந்தக் கதைக்கு வேண்டாத ஆராய்ச்சி.

“வேண்டாம்னு நான் சொல்லலை அத்தை. இன்னிக்கான்னுதான் கேக்கறேன். மூணு மணிக்குப் புதுச் சுரங்கத்துக் கல்லை மொத மொத அரைவைக்கு விடறாங்க. அந்தக் கல்லுக்கு என்ன கலவைன்னு நான் சொல்லியாகணும். அப்ப அட்டவணை எழுந்திரிக்கலைன்னா, மாமா நாளைக்கு மறுபடியும் அந்த வளையத்துக்கு முன்னாடி நிப்பார்.”

அந்தக் கைக்கு மூன்று மாதம் மருந்து போட்டவள் பொன்னாயி.

“சரி, என்னதான் பண்ணலாங்கறீங்க?” என்றான் ராசாங்கம்.

“உங்க கடையில இதை ஏத்தியிருக்கீங்களா?”

“ஏத்தியிருக்கேன்.”

“அப்ப என் காப்பியை எடுத்துக்கிட்டு இப்பவே பெரம்பலூர் போவோம். உங்க மிஷின்ல ஓட்டிப் பாப்போம். ஓடினா வந்து கையெழுத்துப் போடறேன்.”

“பதினோரு மணி?”

“விஜயதசமி நாள் பூரா நல்ல நேரம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?”

சொல்லியிருந்தான். அம்சவள்ளி மணைக்கு முன் விழுந்து கும்பிட்டு, பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்காமல் அப்படியே கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பேருந்தில் ராசாங்கத்துக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, சாமந்தி உதிராமல் பிடித்திருந்தான்.

“திருச்சிக்காரன் ஏ.சி. போட்டு ஆபீஸ் வெச்சிருக்கான் அண்ணி” என்றான் திடீரென்று. “நான் உரக்கடை மாடியில வெச்சிருக்கேன். வரவன் எல்லாம் யூரியா இருக்கான்னு கேக்கறான். நம்ம சாதி சனத்துல இதுவரைக்கும் யாரு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கா? அப்பனோட அப்பன் அடுத்தவன் வயல்ல நின்னான். நான் கம்ப்யூட்டர் விக்கறேன்னா, ‘ஒனக்கு எதுக்குடா இது’ன்னுதான் கேக்கறாங்க. நாளைக்கு ஒரு நாள் அவங்க வாயை அடைச்சிட்டேன்னா போதும்.”

“அடைக்கணும்” என்றாள் அம்சவள்ளி. “அடைச்ச வாய் மறுநாள் திரும்பவும் தொறக்காத மாதிரி அடைக்கணும்.”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பருத்திக்காட்டைக் கடந்து, முகப்பில் வாழைக்கன்று கட்டிய லாரி ஒன்று எதிரே வந்து சென்றது.

உரக்கடை பூட்டியிருந்தது. மாடிப்படி முழுவதும் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு. ராசாங்கம் கம்ப்யூட்டரின் உறையை நீக்கி, புதிய ஃப்ளாப்பிகளில் முதலாவதைச் செருகி, பொத்தானை அழுத்தினான்.

“ஹார்ட் டிஸ்க்லதான் ஏத்தியிருக்கேன்னீங்க?”

“ஏத்தியிருக்கேன். இது அதிகப்படி வசதி அண்ணி. ஹார்ட் டிஸ்க் படுத்துடுச்சுன்னா, இந்த ஃப்ளாப்பியை வெச்சே மிஷினை எழுப்பிடலாம். வர்றவங்களுக்குக் காட்ட நல்லா இருக்கும்.”

திரை நீலமாகி, கட்டங்களும் பட்டியல்களுமாகப் பளிச்சிட்டது. பழையதில் கறுப்புத் திரையும் ஒற்றைக் கோடும்தான். அம்சவள்ளிக்கு உள்ளபடியே பிடித்திருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை.

“அழகா இருக்கு தம்பி.”

“சொன்னேன்ல?”

“இந்த மிஷின்ல மெமரி எவ்ளோ?”

“அறுநூத்து நாப்பது கிலோபைட்.”

“எங்க மிஷின்ல ஐந்நூத்துப் பன்னெண்டு.”

“அதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்ல அண்ணி. காப்பியைக் குடுங்க.”

அவள் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்தாள். காகித உறையிலிருந்து ஃப்ளாப்பியை உருவினாள். பாதியில் கை நின்றது.

ஃப்ளாப்பி ஒரு கரிய சதுர உறை. உள்ளே மெல்லிய வட்டத் தகடு. கம்ப்யூட்டர் தகட்டைப் படிப்பதற்காக உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். விரல்கூடப் படக்கூடாத இடம் அது ஒன்றுதான். அந்தத் திறப்பின் நட்டநடுவில், காய்ந்த சந்தனம் ஒரு காசு அகலத்துக்கு. அதன் நடுவில் குங்குமம். பிசிறில்லாத வட்டம். முப்பது ஆண்டு சூளைக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை.

ராசாங்கம் குனிந்து பார்த்தான்.

“அம்மா வெச்சுதா?”

“இல்ல” என்றாள் அம்சவள்ளி. “அத்தை பெட்டி மேல வெச்சாங்க, நான் பாத்தேன். இது மாமா. நேத்து அவர் கண்ணாடியைத் தொடைச்சுட்டு, பக்கத்துல என் பெட்டியையும் எடுத்து வெச்சுக்கிட்டாரு. அவர் கருவிக்குச் செஞ்சதை என் கருவிக்கும் செஞ்சிருக்காரு.”

“தொடைச்சிட்டா?”

“தொடைச்சா தகடு கீறும். அப்படியே செருகினா உங்க டிரைவும் சேந்து போவும்.”

ராசாங்கம் நாற்காலியில் உட்கார்ந்தான். கடிகாரம் ஒன்பதே முக்காலைக் காட்டியது. அவனுக்குள் ஏதோ ஒரு கணக்கு மெல்ல நடந்து முடிந்தது முகத்தில் தெரிந்தது.

“அண்ணி… பதினோரு மணிக்கு நான் உங்க ஹார்ட் டிஸ்க்கைத் தொடைச்சிருப்பேன்.”

“ஆமா.”

“தொடைச்சுட்டு, அதுக்கப்புறம்தான் இந்தப் பெட்டியைத் தொறந்திருப்போம்.”

“ஆமா.”

“பதினாலு மாசம்.”

அம்சவள்ளி ஃப்ளாப்பியைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள். குற்றம் ராசாங்கத்தினது மட்டும் அன்று; ஒரே ஒரு படி எடுத்து அதைப் பூஜையில் வைத்தவள் அவள். வைத்த பிறகு ஒருமுறை திறந்து பார்க்காமல் கையில் எடுத்தவளும் அவள். தன்னைத் திட்டிக்கொள்ள நேரம் இருந்தால் பிறகு திட்டிக்கொள்ளலாம் என்று அதை ஒத்திவைத்தாள்.

“வெத்து ஃப்ளாப்பி இருக்கா தம்பி?”

“நாலு இருக்கு.”

“நாலையும் எடுங்க. அந்தப் புது ஃப்ளாப்பியையும் எடுத்துக்குங்க.”

“அதான் இனிமே ஓட்டிப் பாக்க வழியில்லையே.”

“இருக்கு. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஃப்ளாப்பியை வெச்சு மிஷினை எழுப்பலாம்னு இப்பத்தானே சொன்னீங்க? எங்க மிஷினையும் அப்படி எழுப்புவோம். புது மருமகளை ஒடனே வூட்டுக்குள்ள கூட்டிக்க வேணாம். மொதல்ல வாசல்லயே நிக்க வெச்சுப் பேசிப் பாப்போம்.”

“எங்கம்மா உங்களை அப்படித்தான் நிக்க வெச்சாங்களா?”

“மூணு மணி நேரம்” என்றாள் அம்சவள்ளி. “அப்புறம்தான் ஆரத்தியே வந்துச்சு. கெளம்புங்க.”

குரும்பலூர் ஜோசியர் குறித்துக் கொடுத்த பதினோரு மணி முகூர்த்தம் அரியலூர்ப் பேருந்தில், நின்றபடி கழிந்தது.

பெரியசாமி பரிசோதனைச் சாலையின் வாசலிலேயே காத்திருந்தார். ஆலைக்கே மேலாளர், ஆனால் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு வரமாட்டார்.

“என்னம்மா, முடிஞ்சுதா? டைரக்டர் மதியமே மெட்ராஸை விட்டுக் கெளம்பறார். ராத்திரி திருச்சியில தங்கிட்டு நாளைக்கு ஒம்பது மணிக்கு இங்க.”

“இன்னும் தொடங்கலைங்க சார்.”

“தொடங்கலையா? தம்பி பதினோரு மணின்னாரே?”

“நான்தான் நிறுத்தி வெச்சேன். மூணு மணிக்குள்ள சொல்லிடறேன்.”

முதல் வேலையாக அவள் அட்டவணையைப் படியெடுத்தாள். ஒன்றன்று, மூன்று. மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி நாளின் எண்கள் சரியா என்று பார்த்தாள். ராசாங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை. மூன்றாவதைச் சரிபார்த்து முடிக்கும்போது ஒன்றே கால்.

பிறகு, “இப்ப உங்க ஃப்ளாப்பியை வைங்க” என்றாள்.

திரை நீலமாகியது. கதவோரம் நின்ற பெரியசாமியின் முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! இதுதான் புதுசா?”

“இதுதாங்க சார்” என்றான் ராசாங்கம். காலையிலிருந்து அவன் குரலில் இல்லாத தெம்பு.

அம்சவள்ளி தன் அட்டவணையை அழைத்தாள். வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. முதல் மாதம், இரண்டாம் மாதம். ஒன்பதாம் மாதம் வரை தயக்கமில்லாமல் வந்தது. பதினொன்றில் சற்று நின்றது. பதின்மூன்றாம் மாதத்தின் நடுவில் திரை அசையாமல் நின்று, கீழே ஒரு வரி எழுந்தது: மெமரி ஃபுல்.

“மறுபடி பாருங்க அண்ணி.”

மறுபடி பார்த்தாள். அதே இடம், அதே வரி.

“புது சிஸ்டம் கொஞ்சம் அதிகமா எடம் எடுத்துக்குது” என்றான் ராசாங்கம் மெதுவாக. “என் மிஷின்ல இது தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காது.”

“ஒண்ணரை மாசத்துக் கணக்கை எடுத்துட்டா ஓடிடும்.”

“எந்த ஒண்ணரை மாசத்தை எடுக்கட்டும்? மாமா கையில கட்டு அவுத்த மாசத்தையா?”

அவன் தலை குனிந்தான். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கும் தோன்றியது.

அவள் ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, பழைய சிஸ்டத்தில் கம்ப்யூட்டரை எழுப்பினாள். கறுப்புத் திரை, ஒற்றைக் கோடு. இரண்டே நிமிடத்தில் பதினான்கு மாதமும் வந்து நின்றன. புதுச் சுரங்கத்துக் கல்லின் சோதனை முடிவுகளை ஏற்றினாள். கல்லில் எதிர்பார்த்ததைவிடச் சுண்ணாம்பு மிகுந்திருந்தது. களிமண் பங்கை உயர்த்தச் சொன்னது அட்டவணை. இரண்டு ஐம்பதுக்கு அரைவைச் சாலைக்குத் தொலைபேசியில் எண்களைச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு வைத்தாள்.

“ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி” என்றான் ராசாங்கம். சிரிக்க முயன்றான்.

பெரியசாமி தொண்டையைக் கனைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அன்று முதன்முறையாக உள்ளே வந்தார்.

“நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த நீலத் திரை நல்லாத்தானே வருது? நாளைக்கு டைரக்டர் வரும்போது அந்த ஃப்ளாப்பியைச் செருகி வெச்சிடுங்க. பாப்பார், சந்தோஷப்படுவார், காப்பி குடிச்சுட்டுப் போயிடுவார். அப்புறம் நிதானமா உங்க இஷ்டம்.”

ராசாங்கம் அண்ணியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆறு ஆபீஸ்களும் இருந்தன. உரக்கடை மாடியும் இருந்தது.

“அவர் கலவையைப் போட்டுக் காட்டச் சொன்னா?” என்றாள் அம்சவள்ளி.

“சொல்ல மாட்டார்ம்மா.”

“சொல்லலைன்னாலும், போட்டாச்சுன்னு நெனைச்சுட்டுப் போவார். இதே ஐந்நூத்துப் பன்னெண்டு மெமரியில மத்த ஆறு ஆபீசுக்கும் இதையே போடச் சொல்லுவார். அங்கெல்லாம் இவர் போய்த் தொடைப்பார். அங்கெல்லாம் பூஜையில வெச்ச காப்பி இருக்கும்.”

அவள் இசைவுப் படிவத்தை எடுத்தாள். கையெழுத்து இடும் கோட்டுக்கு மேலே, நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ‘இப்போது வேண்டாம். மெமரி கூட்டிய பிறகு, மீண்டும் ஓட்டிப் பார்த்து, ஏற்றலாம்.’ கீழே கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் குறித்தாள்.

“கூடுதல் மெமரி உங்க கடையில கெடைக்குமா தம்பி?”

“மெட்ராஸ்லேர்ந்து வரணும். பத்து நாள்.”

“பத்து நாள் கழிச்சு நீங்களே வந்து போடுங்க. நீங்க போடறதுக்குத்தான் எழுதியிருக்கேன். திருச்சிக்காரனுக்கு இல்ல.”

ராசாங்கம் படிவத்தைப் படித்தான். மடித்தான். மறுபடி பிரித்தான்.

“அண்ணி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“என்ன?”

“காலையில மொத பஸ் ஏறதுக்கு முன்னாடி டைரக்டருக்குத் தந்தி குடுத்துட்டேன்.”

“என்னன்னு?”

“புது சிஸ்டம் போட்டாச்சுன்னு.”

பெரியசாமி செருப்பைத் தேடினார்.

அம்சவள்ளி கண்ணை மூடித் திறந்தாள். “நாளைக்கு ஒம்பது மணிக்கு வரார். வந்ததும் நானே சொல்லிக்கறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும். எதுவும் பொய் சொல்லாதீங்க.”

திட்டம் சரியானதுதான். அதில் இருந்த ஒரே குறை, டைரக்டருக்கு அது தெரியாததுதான்.

மாலை ஐந்து மணிக்கு ஆலை வாசலில் வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. தந்தியைக் கண்ட மகிழ்ச்சியில், திருச்சி போவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வழியை மாற்றிக்கொண்டிருந்தார். காவலாளி தொலைபேசியை எடுப்பதற்குள் அவர் பரிசோதனைச் சாலையின் படியேறிவிட்டார். பெரியசாமி சட்டைப் பொத்தானைப் போட்டபடி பின்னால் ஓடிவந்தார்.

நரைத்த தலை, உயரம், அவசரமில்லாத பேச்சு.

“ராசாங்கம் யாருங்க? நீங்களா? தந்தி கிடைச்சது. எங்கே, காட்டுங்க பார்ப்போம்.”

ராசாங்கம் வாயைத் திறந்தான். அம்சவள்ளி எழுந்து நின்றாள்.

“இன்னும் போடலைங்க சார்.”

“போடலையா?”

“தந்தி காலையில அவசரத்துல குடுத்தது. அது தப்பு. போடலாமுன்னுதான் அவர் வந்தார். இன்னிக்கு வேண்டாமுன்னு முடிவு பண்ணினது நான்.”

படிவத்தை நீட்டினாள். டைரக்டர் நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மீண்டும் ஒருமுறை படித்தார்.

“சோதிச்சுப் பார்த்தீங்களா?”

“பாத்தோம். பதின்மூணாவது மாசத்துல நின்னுடுச்சு. இப்பவே ஓட்டிக் காட்டறேன்.”

“காட்டலாம். அதுக்கு முன்னால ஒண்ணு கேட்கணும்.” அவர் குரலில் கோபம் இல்லை, அதனாலேயே பெரியசாமி மேலும் ஓர் அடி பின்வாங்கினார். “அழிச்சிட்டுப் போடறதுன்னா படி இருந்திருக்கணும். படியை நம்பித்தான் இவர் வந்திருக்கணும். அந்தப் படி இருக்க, ஏன் இவ்வளவு தயக்கம்? எங்கே அது?”

“மூணு படி இருக்குங்க சார்” என்று அம்சவள்ளி புதிய மூன்றையும் மேசைமேல் வைத்தாள்.

“இதிலெல்லாம் இன்றைய தேதி இருக்கே. காலையில இருந்த படி?”

அவள் கை தன்னையறியாமல் கைப்பையின் மேல் சென்று நின்றது. சொல்லிவிடலாம், உண்மைக்கு அவள் அஞ்சவில்லை. ஆனால் சரியாக அதே நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. வேலை நேரம் இரண்டு மணிக்கே முடிந்தும், புதுக் கல்லின் மாவு சூளைக்கு வருகிற வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றிருந்த மாயவன், தோளில் துண்டும் கையில் நீலக் கண்ணாடியுமாக அங்கே நின்றார். மருமகளின் கலவையில் முதல் சுற்று அரைவை நன்றாக இறங்கியதைச் சொல்ல வந்திருந்தார். பெரிய மனிதரைக் கண்டதும் கதவோரம் ஒதுங்கினார்.

“நாளைக்குச் சொல்லலாமா சார்?” என்றாள் அம்சவள்ளி.

அன்று காலையிலிருந்து ‘இன்று வேண்டாம்’ என்று எத்தனையோ முறை சொன்னவளின் குரல் இப்போதுதான் முதன்முறையாகத் தளர்ந்தது.

ராசாங்கம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டான். அண்ணி தனக்காகத்தான் தயங்குகிறாள், தன் அவசரத்தை மறைக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தான். பொய் சொல்லாதே என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் தடுப்பதற்குள், கைப்பையிலிருந்து தலைநீட்டிய பிளாஸ்டிக் பெட்டியை உருவித் திறந்து, பழைய ஃப்ளாப்பியை மேசைமேல் வைத்துவிட்டான்.

காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

டைரக்டர் அதை விளிம்பில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்தத் திறப்பு எதற்கானது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“இதை யார் செஞ்சது?”

அம்சவள்ளியின் பார்வை கதவோரம் சென்று மீண்டது.

கதவோரம் நின்ற மாயவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓர் அடி முன்னால் வந்தார். முகம் நிறைய மகிழ்ச்சி.

“நான்தாங்க வெச்சேன்” என்றார். “மருமவளோட தகடு. நடுக் கண்ணு பாத்து வெச்சேன்.”